ஏசிக்கும் வெந்நீருக்கும் மண்ணுக்குள் குழாய்: இராமநாதபுரம் கரையில் போட நினைப்பவர்களுக்கு

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் எங்கள் வீடு. கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் மூன்று அறைகள், இராமேஸ்வரம் வருகிற யாத்திரிகர்கள் தங்குவதற்கு. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, உடம்பெல்லாம் உப்பும் ஈரமுமாகத் திரும்பி வருபவர்கள் முதலில் கேட்பது வெந்நீர். அடுத்தது ஏசி. இரண்டுக்கும் கரண்ட் பில் கட்டியே வருமானத்தில் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு உப்புக்காற்று. வெளிச்சுவரில் மாட்டிய ஏசி யூனிட்டின் அலுமினியத் தகடு மூன்று வருடத்தில் மாவாக உதிரும், நாலாவது வருடம் கேஸ் ஒழுகும். இந்தக் கரையில் ஏசி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இந்தத் தொல்லைக்கு ஒரு வழியாகத்தான் மண்ணுக்குள் குழாய் புதைத்து, அதில் சுற்றிவரும் தண்ணீர் வழியாகச் சூட்டை மண்ணுக்குத் தள்ளவும் மண்ணிலிருந்து எடுக்கவும் ஹீட் பம்ப் ஓட்டும் முறைக்கு வந்தேன். முதல் தடவை தவறான இடத்தில், தவறான ஆழத்தில் போட்டதில் 1,15,000 ரூபாய் போயிற்று. இரண்டாம் தடவை சரியாக வந்தது. இப்போது மூன்றாவது கோடையைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த முதல் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏசியும் ஒரு ஹீட் பம்ப்தான். அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெந்நீர் ஹீட் பம்ப் வெளியிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. சூட்டை எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டுமோ அவ்வளவு கரண்ட் ஆகும். சித்திரை மதியம் மேற்குச் சுவரில் வெயில் வாங்கி, தான் விட்ட அனலையே தான் மறுபடி உறிஞ்சும் யூனிட்டைச் சுற்றி 40 டிகிரிக்கு மேல் இருக்கும். மார்கழி விடியற்காலையில் அதே இடத்தில் 22, 23 டிகிரி. எட்டடி ஆழத்து மண்ணிலோ வருடம் முழுக்க ஏறக்குறைய 29 டிகிரி. கோடையில் காற்றைவிடக் குளிர்ச்சி, மார்கழி விடியலில் காற்றைவிட வெதுவெதுப்பு. நமக்குக் கிடைக்கும் லாபம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. சூட்டைத் தள்ளும் பக்கம் ஒரு டிகிரி குறைந்தால் கரண்ட் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் குறையும்.

குளிர்நாடுகளில் இதே முறையை வீட்டைச் சூடாக்கப் பயன்படுத்துகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் அவர்களுடையவை. அங்கே மண் 10 டிகிரி. அவர்கள் சொல்லும் குழாய் நீளத்தையும் ஆழத்தையும் அப்படியே எடுத்து இங்கே போட்டால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

1. உங்களுக்கு இது தேவையா என்று கணக்குப் போடுங்கள்

ஒரு படுக்கையறையில் இரவு மட்டும் ஏசி போடும் வீடாக இருந்தால் வேண்டாம். போட்ட பணம் திரும்பி வராது. நல்ல ஸ்டார் ஏசி ஒன்று வாங்கி, வெளி யூனிட்டை வடக்குச் சுவரில் நிழலில் மாட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி விடுங்கள். அதுவே போதும்.

கீழே சொல்லும் மூன்றும் உங்களுக்கு இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். ஒன்று, வருடத்தில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் தினமும் பல மணி நேரம் ஓடும் ஏசி. இரண்டு, தினசரி வெந்நீர்த் தேவை. மூன்று, வீட்டை ஒட்டி ஏழெட்டு செண்டாவது சொந்த நிலம், அதிலும் தாழ்வான, ஈரம் நிற்கும் நிலம்.

இரண்டாவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இங்கே நாம் மண்ணுக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். திரும்ப எடுக்கும் பனிக்காலம் நமக்குக் கிடையாது. யாரும் எடுக்காவிட்டால் மண் வருடத்துக்கு வருடம் சூடேறும், எந்திரம் திணறும். வெந்நீர் எடுப்பவருக்கு அந்தச் சூட்டில் ஒரு பங்கு மண்ணுக்குப் போகாமலே செலவாகிவிடுகிறது.

2. மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். எனக்குக் குழாய் போட்ட முதல் ஆள் நிலத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, "மணல்தானே சார், சுலபம்" என்றார். வீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டில் நாலடி ஆழத்தில் 400 மீட்டர் குழாயைப் புதைத்தார். மூன்று டன் குளிர்விக்கும் திறனுள்ள எந்திரத்துக்கு அது பாதிதான். அதைவிடப் பெரிய தப்பு, அந்த மணல் காய்ந்த மணல்.

காய்ந்த மணல் சூட்டைக் கடத்தாது. ஈரம் முழுக்க ஊறிய மணல் அதைவிட ஐந்தாறு மடங்கு கடத்தும். காய்ந்த மணலில் குழாயைப் புதைப்பது அதற்குக் கம்பளி போர்த்துவது மாதிரி. முதல் ஆனி மாதத்திலேயே குழாயிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 42 டிகிரியைத் தொட்டது. கம்ப்ரசர் அழுத்தம் தாங்காமல் மதியத்தில் தானே நின்றுவிடும்.

அளப்பது எளிது. கை போர் போடுபவரை அழைத்து மூன்று அங்குலத்தில் பத்தடி ஆழத்துக்கு ஒரு துளை போடச் சொல்லுங்கள். அதில் அடி மூடிய பி.வி.சி. குழாயை இறக்கி, நீள வயர் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை நாலடி, எட்டடி, பத்தடி என்று மாற்றி மாற்றி விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆழத்திலும் ஒரு மணி நேரமாவது விட்டுவைத்த பிறகுதான் படிக்க வேண்டும். குழாயின் வாயைத் துணியால் அடைக்க மறக்காதீர்கள், திறந்திருந்தால் மேல்காற்று இறங்கி அளவைக் கெடுக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு வாரமும் மார்கழி, தையில் ஒரு வாரமும் அளந்தால் உங்கள் மண்ணின் குணம் தெரிந்துவிடும். எங்கள் தாழ்வுப் பக்கத்தில் எட்டடியில் வைகாசியில் 30.5, தையில் 28. நாலடியில் வித்தியாசம் இரண்டு மடங்கு.

துளை போடும்போது எந்த அடியில் மண் ஈரமாக வருகிறது, எந்த அடியில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். ஆவணி கடைசியில் பார்ப்பதுதான் சரியான கணக்கு. நமக்கு மழை ஐப்பசியில்தான், அதற்கு முன்புதான் நீர்மட்டம் அடியில் கிடக்கும். அந்த நேரத்திலும் ஈரமாக இருக்கும் ஆழம் எதுவோ அதுவே உங்கள் குழாய்க்கான ஆழம். சீமைக்கருவேல் அடர்ந்து நிற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதன் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாக இறங்கி மண்ணை உலர்த்தும்.

3. காகிதங்கள்

கடலுக்குப் பக்கத்து நிலம் என்றால் முதல் கேள்வி கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகளுக்குள் வரும், உப்பங்கழி ஓரங்களும் சேரும். அந்த எல்லைக்குள் நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுமானத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. "நாங்கள் தண்ணீர் எடுக்கவில்லை, மூடிய குழாய்தான்" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அதை நீங்களே முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு வேலை விவரம் எழுதி, வரைபடத்தோடு உரிய அலுவலகத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறினால் அதோடு போய்விடும்.

நான் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தவை: பட்டா நகல், நில அளவை எஃப்.எம்.பி. வரைபடம், வீட்டு வரி ரசீது, ஆதார் நகல், மின் இணைப்பு எண் உள்ள பில், குழாய் எங்கே எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று காட்டும் கைவரைபடம், வேலை விவரக் கடிதம். ஐந்து நகல் எடுத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகளின் ஒப்புதல் கடிதத்தை முன்பே வாங்கிவிடுங்கள். எனக்கு அதிக நாள் பிடித்தது அதுதான், ஏழு வாரம்.

குழாயைப் பள்ளத்தில் படுக்கவைக்காமல், செங்குத்தாகப் போர் போட்டு இறக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் ஊராட்சியின் அனுமதி கட்டாயம். தமிழ்நாட்டில் கிணறு, ஆழ்துளை தோண்டுவதை ஒழுங்குபடுத்தும் ஊராட்சி விதிகள் 2015 முதல் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்ன பாதுகாப்பு நெறிகளும் உண்டு. 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வேலை நடக்கும்போது வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும், துளையின் வாயை இரும்பு மூடியால் இறுக்க வேண்டும், கைவிட்ட துளையை மண்ணால் முழுக்க நிரப்ப வேண்டும். சோதனைக்குப் போட்ட மூன்று அங்குலத் துளைக்கும் அதே கவனம் தேவை. அன்றன்று மூடிவிட்டு வாருங்கள்.

மின் இணைப்பில் இரண்டு விஷயம். எந்திரம், பம்ப், அறை விசிறிகள் எல்லாம் சேர்த்து மூன்று டன்னுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் ஆகும். உங்கள் அனுமதிக்கப்பட்ட பளு அதற்கு இடம் தருகிறதா என்று பில்லில் பாருங்கள், இல்லையென்றால் பளு உயர்த்த விண்ணப்பியுங்கள். அறைகளை வாடகைக்கு விடுபவர்கள் அந்தப் பகுதிக்கு வணிகக் கட்டணத்தில் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். வீட்டு மீட்டரிலேயே ஓட்டிப் பிறகு அபராதம் கட்டியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

4. படுக்கைக் குழாயா, செங்குத்துப் போரா?

இடம் இருந்தால் படுக்கைக் குழாய்தான் என்பது என் கருத்து. எட்டடிப் பள்ளத்தில் குழாயைச் சுருள் சுருளாகப் படுக்கவைப்பது. ஒரு டன்னுக்கு 250 மீட்டர் குழாய் வைத்தேன். மூன்று டன்னுக்கு 750 மீட்டர், மூன்று பள்ளம், ஒவ்வொன்றும் 32 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பள்ளங்களுக்கு நடுவில் நாலு மீட்டர் இடைவெளி. மொத்தம் ஒன்பது செண்டு பிடித்தது. மேலே கீரையும் புல்லும் வளர்க்கலாம், கட்டடம் மட்டும் கட்டக்கூடாது.

போர் என்றால் நம் மண்ணின் சூட்டுக்கு டன்னுக்கு 60 முதல் 90 மீட்டர் ஆழம் வேண்டும். இந்தக் கரை வண்டலும் மணலும். பாறையை உடைக்கும் கம்ப்ரசர் வண்டியைக் கொண்டுவந்தால் துளை நிற்காது, சரிந்துவிடும். சேற்றுக் கலவை விட்டுத் துளைக்கும் ரோட்டரி வண்டிதான் வேண்டும், செலவு ஏறும்.

செலவைவிட எனக்குப் பெரிய தயக்கம் வேறு. தனுஷ்கோடிப் பக்கம் மணலைக் கையால் தோண்டினாலே ஊற்றில் குடிக்கிற தண்ணீர் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தப் படலத்தை நம்பித்தான் பல வீடுகளின் கிணறு இருக்கிறது. நீங்கள் போடும் துளை மேல் நல்ல நீரையும் அடி உப்பு நீரையும் இணைத்துவிட்டால் உங்கள் கிணறோடு பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். போர்தான் என்றால் குழாயைச் சுற்றி அடியிலிருந்து மேல்வரை பென்டோனைட் என்ற களிமண் கலவையைப் பம்ப் வைத்து நிரப்பச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். "மேலே நாலு சட்டி மண் தள்ளினால் போதும்" என்று சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒன்றை விற்க வருவார்கள். கிணற்று நீரையே எடுத்து எந்திரத்துக்குள் ஓடவிட்டு வெளியே விடுவது. குறைந்த செலவு என்பார்கள். நம் உவர்நீரில் செப்புச் சுருள் நிற்காது. அதோடு தினமும் அவ்வளவு தண்ணீரை இழுத்தால் கடல் உள்ளே வரும். வேண்டவே வேண்டாம்.

5. எந்திரம் வாங்கும்போது

கேட்லாக்கில் போட்டிருக்கும் திறனை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்தடிக் குழாயில் ஓடும் எந்திரங்களைக் குளிர்விப்பதற்குச் சோதிக்கும் சர்வதேசத் தர அளவு, உள்ளே வரும் தண்ணீர் 25 டிகிரி என்பது. நம் மண்ணே 29, 30. கோடையில் உங்களுக்கு வரப்போவது 34, 35 டிகிரித் தண்ணீர். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "35 டிகிரித் தண்ணீர் உள்ளே வந்தால் எத்தனை கிலோவாட் குளிர்ச்சி, எத்தனை கிலோவாட் கரண்ட்? அட்டவணையை எழுத்தில் கொடுங்கள்." கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். மூன்று பேரிடம் கேட்டதில் ஒருவர்தான் எனக்குக் கொடுத்தார்.

குளிர்ந்த தண்ணீரை அறைகளுக்கு அனுப்பி, அதே நேரத்தில் வெந்நீர் டேங்கையும் சூடாக்கும் வகை ஒன்றை எடுத்தேன். வெளி யூனிட் என்பதே கிடையாது. எந்திரம் மாடிப்படிக்கு அடியில், உப்புக்காற்று படாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கையில் வந்து சேரப் பத்து வாரம் ஆயிற்று. முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். உதிரிப் பாகம் மதுரையிலாவது கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கோடையில் இங்கே மின்னழுத்தம் இறங்கும், ஸ்டெபிலைசர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. பள்ளமும் குழாயும்

ஆவணி, புரட்டாசிதான் நேரம். நீர்மட்டம் அடியில் இருக்கும், பள்ளத்தில் தண்ணீர் ஊறுவது குறைவு. ஐப்பசி பிறந்து மழை தொடங்கிவிட்டால் தை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்று. மணலில் எட்டடிப் பள்ளத்துக்குள் ஆளை இறக்காதீர்கள். ஈர மணல் நின்றுகொண்டிருப்பதுபோல் இருக்கும், ஒரு நொடியில் சரியும். இடுப்பளவு மணல் விழுந்தாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. சுருளை மேலேயே, தரையில் கட்டி முடித்துவிட்டு, நாலு பேர் கயிற்றைப் பிடித்து இறக்குங்கள். பள்ளத்தின் பக்கங்களைச் சரிவாக வெட்டச் சொல்லுங்கள், ஜேசிபிக்கு நாலு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

குழாய்: எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக், அதில் பி.இ. 100 ரகம், 32 மில்லிமீட்டர், அழுத்தத் தரம் பி.என். 10. குழாய் மேலேயே ஐ.எஸ். 4984 என்று அச்சு இருக்கும், பாருங்கள். விவசாயச் சொட்டுநீர்க் குழாயைக் காட்டி "இதுவும் அதுதான்" என்பார்கள், அது வேறு. ஒவ்வொரு சுருளும் 250 மீட்டர் ஒரே துண்டாக இருக்கட்டும். மண்ணுக்குள் ஒரு இணைப்புகூட இல்லாமல் போடுவதுதான் நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில் சூட்டில் உருக்கி ஒட்டும் இணைப்பு மட்டும். கிளிப்போ, பித்தளை நிப்பிளோ மண்ணுக்குள் போனால் உப்பு தின்றுவிடும். ஒட்டுபவர் வேலையைத் தொடங்கும் முன் ஒரு மாதிரி இணைப்பு போடச் சொல்லி, அதை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். இரண்டு குழாயும் ஒரே துண்டாகத் தெரிய வேண்டும், கோடு தெரிந்தால் சூடு பற்றவில்லை.

சுருளை இறக்கியதும் மூடாதீர்கள். தண்ணீர் நிரப்பி 6 பார் அழுத்தம் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். முதல் சில மணி நேரத்தில் முள் கொஞ்சம் இறங்கும், பதற வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் விரிந்து கொடுப்பதால் அப்படி. மறுபடி ஏற்றிவிட்டால் நிற்க வேண்டும். இரவு முழுக்க நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் ஒழுகுகிறது. காற்றை அடைத்துச் சோதிக்க விடாதீர்கள், குழாய் பிய்த்துக்கொண்டால் ஆளை அடிக்கும்.

மூடும்போது எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. தோண்டிய மண்ணில் பவளக்கல் சில்லுகள் கத்தி மாதிரி வரும். குழாயைச் சுற்றி ஒரு அடிக்குச் சலித்த மணலை மட்டும் போடுங்கள். அதன்மேல் தண்ணீர் விட்டு அமுக்குங்கள், காற்று இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் சூடு இறங்காது. தரையிலிருந்து இரண்டடி ஆழத்தில் எச்சரிக்கை நாடா ஒன்று விரியுங்கள், பின்னால் தென்னங்கன்று வைக்கத் தோண்டுபவர் கண்ணில் அதுதான் படும்.

7. தண்ணீர் நிரப்புவதும் பம்பும்

என் குழாய் முழுக்க ஏறக்குறைய 500 லிட்டர் பிடித்தது. போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, மாடியில் பிடித்த மழைநீரோ வடிகட்டி ஊற்றி, துருத் தடுப்பு மருந்தை எந்திரக் கம்பெனி சொன்ன அளவில் சேருங்கள். கிளைக்கால் என்று ஒரு திரவத்தைக் கேன் கேனாக விற்கப் பார்ப்பார்கள். அது குழாய் உறையும் நாடுகளுக்கானது. இங்கே எதற்கு? பணம் வீண், போதாததற்கு அது சூட்டைக் கடத்துவதையும் குறைக்கும்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அரை எச்.பி. மோட்டாரைக் கடன் வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு சுருளை மட்டும் திறந்து, திறந்த டிரம் வழியாக வேகமாக ஓட்டுங்கள். டிரம்மில் குமிழி நிற்கும்வரை ஓட்டி, பிறகு அடுத்த சுருள். காற்று மாட்டிய சுருளில் தண்ணீர் ஓடாது, உங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு மண்தான் வேலை செய்யும்.

ஆனால் அந்த மோட்டாரையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். இது பலரும் விழும் குழி. அரை எச்.பி. மோட்டார் மணிக்கு அரை யூனிட் இழுக்கும், 12 மணி நேரம் ஓடினால் 6 யூனிட். குளிர்விப்பதில் நான் ஒரு நாளில் மிச்சம் பிடிப்பதே அவ்வளவுதான். டன்னுக்கு நிமிடம் 11 லிட்டர் ஓடினால் போதும். அதற்கு 100 முதல் 150 வாட் சுழற்சிப் பம்ப் தாராளம். போகும் குழாயிலும் வரும் குழாயிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். முழு ஓட்டத்தில் இரண்டுக்கும் 5, 6 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டம் சரி.

அறைகளுக்குப் போகும் குளிர்நீர்க் குழாய்களை ரப்பர் உறையால் ஒரு விரல்கடைகூட விடாமல் மூடுங்கள். நம் காற்றின் ஈரத்துக்கு, விட்ட இடத்திலெல்லாம் வியர்த்துச் சொட்டிச் சுவரைக் கறுக்கடிக்கும்.

8. வெந்நீரை இணைப்பது

மூன்று அறைகளுக்கு 500 லிட்டர் டேங்க். 27 டிகிரித் தண்ணீரை 50-க்குக் கொண்டுவர கீசரில் 13 யூனிட்டுக்கு மேல் ஆகும். இதில் ஏசி ஓடும் நாட்களில் அறையிலிருந்து எடுத்த சூடு முதலில் டேங்குக்குப் போகிறது, மிச்சம்தான் மண்ணுக்கு. அதற்கென்று ஆகும் கரண்ட் மிகக் குறைவு. கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வரும் காலத்தில் ஏசி கேட்பவர் குறைவு, வெந்நீர் கேட்பவர் அதிகம். அதிகாலை மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். அப்போது எந்திரம் மண்ணிலிருந்து சூட்டை எடுக்கிறது. கோடையெல்லாம் நாம் கொடுத்து வைத்த சூடு அது. வெளிக்காற்று 23 இருக்கும்போது குழாயிலிருந்து 30, 31 டிகிரித் தண்ணீர் வரும். 13 யூனிட் வேலை மூன்றரை, நாலு யூனிட்டில் முடிகிறது. இப்படி எடுத்த சூட்டால் மண்ணும் மாசிக்குள் பழைய நிலைக்கு இறங்கி அடுத்த கோடைக்குத் தயாராகிறது.

வாரத்தில் ஒரு நாள் டேங்கை 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். வெதுவெதுப்பாகவே தேங்கும் நீரில் நோய்க்கிருமி வளரும். அன்று மட்டும் குழந்தைகள், வயதானவர்கள் கை சுட்டுக்கொள்ளாமல் இருக்கக் குழாய்க்கு முன் கலவை வால்வு ஒன்று வைத்திருக்கிறேன்.

9. எனக்கு ஆன செலவு

எந்திரம் 3,40,000. குழாயும் இணைப்புகளும் 68,000. ஜேசிபி தோண்டி மூட 28,000. குழாய் ஒட்டும் கூலி 26,000. பம்ப், கேஜ், வால்வு 36,000. வெந்நீர் டேங்க் 82,000. குளிர்நீரை வாங்கி அறைக்குள் குளிர்காற்று வீசும் மூன்று விசிறிச் சுருள் யூனிட் 57,000. உட்குழாய் வேலையும் ரப்பர் உறையும் 42,000. வயரிங், ஸ்டெபிலைசர் 27,000. வண்டி வாடகை 14,000. ஆக 7,20,000 ரூபாய். முதல் தடவை இழந்தது இதில் சேராது.

மூன்று சாதாரண ஏசியும் மூன்று கீசரும் வாங்கியிருந்தால் ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்திருக்கும். கூடுதலாகப் போட்டது ஐந்தே முக்கால் லட்சம் என்று வையுங்கள். மீட்டரைத் தினமும் எழுதிப் பார்த்ததில், ஒரு நாளைக்குக் குளிர்விக்க 24 யூனிட் ஆன இடத்தில் 18 ஆகிறது, வெந்நீரில் 10 யூனிட்வரை மிச்சம். ஆள் இல்லாத நாட்களைக் கழித்துவிட்டால் மாதம் நாலாயிரம் ரூபாய் அளவில் நிற்கிறது. வெளி யூனிட் மாற்றும் செலவு போனதையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது வருடத்தில் பணம் திரும்பும். இதைவிடச் சீக்கிரம் என்று யாராவது சொன்னால், எந்த வீட்டில், எத்தனை மாத மீட்டர் கணக்கு என்று கேளுங்கள்.

10. முதல் வருடம் கவனிக்க வேண்டியது

குழாயிலிருந்து திரும்பும் தண்ணீரின் சூட்டை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், நோட்டில் எழுதுங்கள். கோடை உச்சத்தில் 36-க்குள் நிற்க வேண்டும். இரண்டாம் கோடையில் முதல் கோடையைவிட இரண்டு டிகிரிக்கு மேல் கூடினால் மண் சூடேறுகிறது என்று பொருள். மேலே காலையில் தண்ணீர் பாய்ச்சிப் பாருங்கள், குளியலறைத் தண்ணீரைக்கூட அந்த நிலத்துக்குத் திருப்பிவிடலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பாய்ச்சியும் இறங்காவிட்டால் இன்னொரு பள்ளம் வெட்டி ஒரு சுருள் சேர்க்க வேண்டியதுதான், அதனால் சுருள்களெல்லாம் வந்து சேரும் மேனிஃபோல்டில் ஒரு வால்வைக் காலியாக விட்டு வையுங்கள்.

அழுத்தக் கேஜ் மாதக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாக இறங்கினால் முதலில் பம்பின் சீலைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கசிவு.

பள்ளங்களை மூடும் முன் எடுத்த படங்கள், வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் டேப் வைத்து அளந்த தூரம், இரண்டையும் எழுதிய வரைபடத்தைப் பட்டா இருக்கும் பையிலேயே வையுங்கள். அனுமதிக் கடிதத்தின் மூலப்பிரதியும் அதே பையில் இருக்கட்டும்.